ஊசிக்குப் பதிலாக உள்ளே வைத்தது

மார்ச் 4, செவ்வாய்
சலவைக்கூடத்தில் இன்று மதியத்துக்கு மேல் கை ஓடவே இல்லை. மடித்த விரிப்பையே திரும்ப மடித்தேன்.

காலையில் ஊசிக்குப் போனேன். குழந்தை வேண்டாம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதுதான். நர்ஸம்மா ஊசியை எடுக்கவே இல்லை. எடை ஏறிவிட்டது, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். அக்காவைக் கொண்டுபோனதும் சர்க்கரைதானே. போன வருஷம் முதலில் ஒரு காலை எடுத்தார்கள். பிறகு அவளே இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

"அழாதீங்க. கருப்பைக்குள்ள வைக்கிற சாதனம் ஒண்ணு இருக்கு. இந்த ஊசி மாதிரி மருந்துதான் அதுலயும். ஆனா பெரும்பாலும் வெச்ச இடத்துலயே வேலை செய்யும், ரத்தத்துல கொஞ்சம்தான் கலக்கும். எடை, சர்க்கரை எல்லாம் ஊசி அளவுக்கு மாறுறதில்லைன்னு சொல்றாங்க."

அப்படி ஒன்று இருக்கிறதா! பஸ் ஏற மறந்து வேலைக்கு நடந்தே வந்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்
விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளிடம் சொன்னேன். வாய் மூடாததால் எல்லோருக்கும் அவள் ரேடியோ.
"ஏண்டி, அது மேல ஏறி நெஞ்சுல போய் உக்காந்துக்குமாம்!"
"உன் வாயில வந்து உக்காந்தா தேவலை. எங்களுக்காவது நிம்மதி."
சிரித்த சிரிப்பில் விரிப்பு கீழே விழுந்தது.

மார்ச் 11, செவ்வாய்
வைத்தாயிற்று! சுருக்கென்று ஒரு வலி, பல்லைக் கடித்தேன், அவ்வளவுதான்.
"இனிமே இளைச்சுடுவேனா?"
"அந்த ஆசையெல்லாம் காட்ட மாட்டேன். நடக்கணும், வாயைக் கட்டணும்."
அக்காவும் இதே ஊசிதான் போட்டாள், அதனால்தான் போனாளா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதாம். அம்மாவுக்கும் சர்க்கரை இருந்ததே என்றார். யாரையாவது திட்டவேண்டும்போல இருந்தது. ஆள்தான் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு
இன்றும் திட்டுத் திட்டாக ரத்தம் பட்டது. சில மாதம் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருக்கிறார். இவர்தான், "பேசாம எடுத்துடேன்" என்கிறார். "நீங்க ஆபரேஷன் பண்ணிக்கோங்க, நான் எடுத்துடறேன்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 14, சனி
திங்கட்கிழமை சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்கிறார்கள். நேற்றிலிருந்து வெறும் வெள்ளரிக்காய்தான். தலை சுற்றுகிறது. சுற்றட்டும்!

ஜூன் 16, திங்கள்
முகத்தைப் பார்த்ததுமே நர்ஸம்மா பிடித்துவிட்டார். "பட்டினி கிடந்தீங்களா? இது மூணு மாசத்துக் கதையைச் சொல்ற டெஸ்டும்மா. ரெண்டு நாள் நடிப்பெல்லாம் இதுகிட்ட செல்லாது."
ரேடியோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் தின்றதையெல்லாம் விரல்விட்டு எண்ணுகிறேன். மூன்று மாதமும் ஒழுங்காக இருந்தேனா?

ஜூன் 18, புதன்
இறங்கியிருக்கிறது! எல்லைக்குக் கீழே! நடிப்பில்லை, நிஜமாகவே! எடைதான் அசையவில்லை. போகட்டும். ஊசியை விட்டதாலா, தினமும் நடந்ததாலா? "ரெண்டும் இருக்கலாம், பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். எதனாலோ, எனக்கென்ன!

கிளம்பும்போது கூப்பிட்டு, "இதை மாத்த அஞ்சு வருஷம் கழிச்சு வரணும், மறந்துடாதீங்க" என்றார்.
"வந்துடறேன்" என்றேன்.
தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அக்கா போனதிலிருந்து அடுத்த மாதத்தைப் பற்றிக்கூட நான் யாரிடமும் பேசியதில்லை.