வாசலில் நின்று சொன்னது

ஹம், ஜேர்மனி
2.3.2024

அன்புள்ள புஸ்பவதிக்கு,

நான் சுகம். உன் சுகத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன். இப்போது கோபமாக இருக்கிறேன். முதலில் அதை எழுதி முடிக்க வேண்டும்.

இது என் எழுத்து. என் கையால் எழுதுகிறேன். நீ போன பிறகு தமிழ்ப் பாடசாலைக்குப் போய், முதலாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருந்து படித்தேன். சிவப்பிரியா டீச்சர் என் கொப்பியைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கடை 'ழ' என்ரை 'ழ'வை விட வடிவு" என்று சொன்னா. உன் பெயரை எழுதப் பழக ஒரு பின்னேரம் முழுவதும் போனது. கலியாணம் பேசும்போது அது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

இனிக் கோபம். மகள் ஆதிரையின் பிள்ளையைப் பார்க்க என்று ஸ்டுட்கார்ட்டுக்குப் போனாய். பிள்ளைக்குப் பல்லும் முளைத்துவிட்டது. நீ வரவில்லை. போன் எடுத்தால், "அந்தப் பெட்டி இரையிற வீட்டிலை நான் இருக்கமாட்டன்" என்று சொல்லி, போனை ஆதிரையிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீதான் வாசிக்க வேண்டும்.

கொம்பியூட்டர் இரையாமல் என்ன செய்யும்? நான் பிடித்த நாலு மணித்தியாலச் சாமத்திய வீட்டுச் சடங்கு வீடியோவை ஒன்றாகச் சேர்க்கும்போது அதற்குள் இருக்கும் புரோசெசர் அடுப்புப் போலக் கொதிக்கும். சூடு ஏற ஏறக் காற்றாடி வேகமாகச் சுற்றும். அதற்காக வீட்டை விட்டுப் போன பெண்ணை நான் எந்த ஊரிலும் கேள்விப்படவில்லை. இவ்வளவு காலமும் வீடியோவில் பெயர்களை நீதான் அடித்துத் தந்தாய். இப்போது நானே அடிக்கிறேன். மெதுவாகத்தான். ஆனால் அடிக்கிறேன்.

நீ சுகமா?

இப்படிக்கு,
விஜயரத்தினம்
(சொந்தக் கையெழுத்து)


ஸ்டுட்கார்ட்
9.3.2024

ஆதிரையின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. யாரைப் பிடித்து எழுதுவித்தீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கலியாணப் பேச்சுப் பற்றிய பகிடியைப் பார்த்த பிறகு நீங்கள்தான் என்று தெரிந்தது. எழுதப் பழகியது சந்தோசம். வேறு சந்தோசம் எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை.

காற்றாடிக்காக வீட்டை விட்டுப் போனேன் என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். ஐப்பசியில் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. என் கூடப்பிறந்த அன்னப்பிள்ளை அக்கா போய்விட்டா என்று சொன்னார்கள். நான் நேரே உங்களிடம் வந்தேன். அறை வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ, அக்கா செத்துப்போனா" என்று சொன்னேன். நீங்கள் திரும்பவில்லை. பெட்டி விமானம் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கி, "ஓம் ஓம், தேத்தண்ணியை அதிலை வைச்சிட்டுப் போ" என்றீர்கள்.

என் கையில் தேத்தண்ணி இல்லை.

அடுத்த நாள் ஆதிரை போனில் சொல்லித்தான் உங்களுக்கு அக்கா செத்தது தெரியும். "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று என்னிடமே சத்தம் போட்டீர்கள். நான் பையைக் கட்டினேன்.

இப்படிக்கு,
புஸ்பவதி


ஹம்
23.3.2024

அன்புள்ள புஸ்பவதிக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். கெதியாக வாசிக்கிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். நான் அதை வாசித்து முடிக்கும்வரை அந்த வாசலில் நீ நெடுநேரம் நின்றாய்.

ஆனாலும் எனக்குக் கோபம். ஏன் தோளில் தட்டவில்லை? ஏன் வயரைப் பிடுங்கவில்லை? அரிசியில் கல் இருந்தால் பானையையே கவிழ்க்கிற உனக்கு ஒரு வயரைப் பிடுங்க ஏலாதா?

கோபத்தோடு கோபமாகப் பெட்டியைத் திறந்தேன். பார்த்தால் உள்ளே கறுப்பு. காற்றாடியிலும் அதற்குக் கீழே சூட்டை வாங்கும் தகடுகளிலும் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தூசி என்றால் ஊதினால் போகும். இது போகாது. மணந்து பார்த்தேன். சாம்பிராணி! வெள்ளிக்கு வெள்ளி நீ போட்ட புகை முழுவதையும் அது இழுத்துக் குடித்திருக்கிறது. மூச்சு விட முடியாமல்தான் இரைந்திருக்கிறது. உன் பக்தியும் இந்தச் சத்தத்துக்குப் பங்காளி.

எல்லாம் துடைத்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. போதாது. மருமகன் நிசாந்தைக் கேட்டேன். "மாமா, தண்ணியாலை குளிராக்கிற செற் ஒண்டு போடுங்கோ" என்றார். தண்ணீரைச் சுற்றவைக்க ஒரு மோட்டர் வேண்டும், அதுவும் முனகும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சத்தத்தைத் துரத்த இன்னொரு சத்தத்தைக் கூலிக்குப் பிடிப்பதா? விட்டுவிட்டேன்.

டோர்ட்முண்டில் ஒரு கடைக்குப் போய்ப் புரோசெசருக்கு மேல் பூட்டுகிற பெரிய கூலர் வாங்கினேன். இரண்டு அகலமான காற்றாடிகள். அகலமானது மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்றுத் தரும். சின்னதுதான் கத்திக் கத்தி ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் பெட்டியின் கதவு மூடுபடவில்லை. உயரம் அளக்காமல் வாங்கிவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரி சிரித்தாள். அவளிலும் கோபம்.

அளந்துகொண்டு திரும்பவும் போகப் போகிறேன்.

விஜயரத்தினம்
(சொந்தக் கையெழுத்து)


ஸ்டுட்கார்ட்
30.3.2024

ஆதிரையின் அப்பாவுக்கு,

மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீர் விடச் சொன்ன நிசாந்துக்கு இங்கே நான் நல்லாய்க் கொடுத்தேன். "மாமி, அது குழாய்க்குள்ளைதான் ஓடும்" என்கிறார். குளிக்கிற அறைக் குழாயே இங்கே ஒழுகுகிறது.

சாம்பிராணியில் பழி போடுகிறீர்கள். சாமிப் படத்துக்குக் கீழே பெட்டியை வைத்தது யார்? நானா? "இதிலைதான் பிளக் இருக்கு" என்று சொல்லி, சாமியைத் தள்ளிவைக்கப் பார்த்தது யார்?

தோளில் தட்டவில்லையாம். செத்தவீடு சொல்ல வந்தவள் தோளில் தட்டி, வயரைப் பிடுங்கி, பிறகா சொல்ல வேண்டும்? ஒரு மனிதர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்து நின்றேன். அவ்வளவுதான்.

கூலரைப் பற்றி இனி எழுத வேண்டாம். நான் வரவில்லை.

புஸ்பவதி


ஹம்
20.4.2024

அன்புள்ள புஸ்பவதிக்கு,

கூலரைப் பற்றி எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றாய். எனக்கு எழுத வந்ததே இப்போதுதான், அதற்குள் நிற்பாட்டச் சொன்னால் எப்படி?

இந்த முறை உயரம் சரி. கதவு மூடிவிட்டது. புரோசெசருக்கு மேலே ஒரு பட்டாணி அளவு சூடு கடத்தும் பசை வைத்து, அதன்மேல் கூலரை அழுத்திப் பூட்டினேன். பிறகு நிசாந் போனில் சொல்லச் சொல்ல, புரோசெசர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்தேன். இப்போது அது முந்தின மாதிரிக் கொதிக்காது. வீடியோ முடிய நேரம் கூடப் போகிறது. போகட்டும். மெதுவாக எழுதுகிறவனுக்கு மெதுவாக ஓடுகிற பெட்டி. கலியாண வீட்டுக்காரர் கத்தட்டும், நானும் திருப்பிக் கத்துவேன். பெட்டியையும் சாமிப் படத்துக்குக் கீழே இருந்து எடுத்துவிட்டேன். நீட்டு வயர் வாங்கி யன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். சாமி பழைய இடத்தில்.

சரி வந்ததா என்று பார்க்க, ஒரு கலியாண வீடியோவை ஓடவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். மேல்வீட்டு ஸ்வர்ணாவை நீ நின்ற வாசலில் நிற்கவைத்தேன். "கத்தக் கூடாது. சும்மா கதைக்கிற மாதிரி ஏதாவது சொல்லு பிள்ளை" என்றேன். அவள், "அண்ணை, உங்கடை சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கு" என்றாள். எல்லாம் கேட்டது. குனிந்து பார்த்தேன். மாறித்தான் இருந்தது.

நீ இருந்தால் அது மாறியிருக்காது. அதுவும் கோபம்தான்.

அன்னப்பிள்ளை அக்காவுக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆதிரை போனில் ஒரு வசனம்தான் சொன்னாள். நான் வேறு யாரையும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன். நீ வா. அதே வாசலில் நின்று சொல்லு. வேண்டுமென்றால் பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறேன். திரும்பிப் பார்ப்பேன்.

விஜயரத்தினம்
(சொந்தக் கையெழுத்து)


ஸ்டுட்கார்ட்
26.4.2024

ஆதிரையின் அப்பாவுக்கு,

அடுத்த கிழமை சனிக்கிழமைப் பின்னேர ரயிலில் வருகிறேன். ஸ்டேசனுக்கு வாருங்கள். பை பாரம். சேட்டுப் பொத்தானைச் சரியாகப் பூட்டிக்கொண்டு வாருங்கள்.

சாம்பிராணி முடிந்திருக்கும். வாங்கிவையுங்கள். பெட்டிக்குக் கிட்டப் புகை போகாமல் பார்த்துப் போடுகிறேன்.

அக்காவின் கதை கனக்க இருக்கிறது. நின்றுகொண்டு சொல்ல எனக்கு ஏலாது. எனக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

பெட்டி இப்போது இரையாது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் நான் சொல்லும்போது அதை நிற்பாட்டி வையுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும்.

புஸ்பவதி