சூரியக் கடிகாரத்துக்கு ஒரு ஷேடு

என் மேசைமேல் ஒரு துண்டுத் துணி கிடக்கிறது. பிளாஸ்டிக் கலந்த கெட்டித் துணி, மணல் நிறம். கார் நிறுத்துமிடங்களில் தலைக்குமேல் இழுத்துக் கட்டுவார்களே, இந்த ஊரில் எல்லோரும் ஷேடு என்பார்களே, அந்த வகை. புது ரப்பர் செருப்பின் வாடை அடிக்கிறது. இதன் மீதியை எங்கே கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? நீ வடிவமைத்த சூரியக் கடிகாரத்துக்கு மேலே. சிரிக்காதே, எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஷேடை வரைந்து கொடுத்தது நான்தான். அது எப்படி நடந்தது என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பர் துபாயில் நாம் இருவரும் தங்கியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடி நினைவிருக்கிறதா? பூங்காவுக்குக் கடிகாரம் செய்யும் வேலை நம் ஆபீசுக்கு வந்திருந்தது. கம்ப்யூட்டரில் கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் உனக்கு மனம் ஆறவில்லை. "உடம்ப வச்சுப் பாக்காம நான் ஒத்துக்கிட மாட்டேன்ட்டி" என்று லீவு நாளில் என்னை மாடிக்கு இழுத்துப்போனாய். தரையில் டேப் ஒட்டித் தட்டையான முட்டை வடிவம் ஒன்று போட்டோம். விளிம்பில் மணிகள், நடுவில் மாதங்களின் கோடு. நடப்பு மாதத்தின் இடத்தில் போய் நின்றால் நம் நிழலே முள்ளாகி மணியைக் காட்டும்.

வாட்ச்மேன் அண்ணன், ராமநாதபுரத்துக்காரர், மேலே வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு பேர் போனும் ரிப்பேரா?" என்று கேட்டார். நீ அவரையே பிடித்து நிறுத்தினாய். அவருடைய நிழல் நீளமாகப் போய் ஐந்தின்மேல் விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். உடனே மனைவிக்கு வீடியோ கால் போட்டு, "நான் கடிகாரமாயிட்டேன், பாரு" என்றார். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த ஊர் பூமியில் இருக்கும் இடத்துக்கு, பூங்காவில் பதிக்கும்போது ஜூன் மாதக் கல்லும் உச்சிவேளைக் கல்லும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டுதான் வரும் என்று அன்றுதான் காட்டினாய். சூரியன் தலைக்கு நேர்மேலே வந்துவிடும். நிழல் பாதத்தை விட்டு வெளியே வராது. வடிவமைப்பில் இது குறை இல்லையா என்று கேட்டேன். "குறை இல்லட்டி. அந்நேரம் ஒருத்தரும் இங்க நிக்கக் கூடாதுன்னு சூரியனே சொல்லுதுல்லா" என்றாய். வானியலும் அழகும் மனிதரும் உனக்கு ஒரே பாடம்தான்.

கல் பதிக்கும் வேலை கோடையில் வந்தது. நடுப்பகலில் வேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நிறுத்தினார்கள். காலை வெயிலைப் பற்றித்தான் யாருக்கும் கவலை இல்லை. ஒருநாள் ஒன்பது மணிக்கே செல்வராசு என்ற புதுக்கோட்டைக்காரர் கல்லின்மேல் மயங்கி விழுந்தார். அவரை உன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனாய். திரும்பி வந்து, ஆட்களுக்குத் தற்காலிகமாக ஒரு ஷேடு வேண்டும் என்று புராஜெக்ட் மேனேஜரிடம் கேட்டாய். வேற்றாள் இல்லை, நம் சென்னைக்காரர்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, சூரியக் கடிகாரத்துக்கே ஷேடு போட்டா நிழல எங்க போய்த் தேடுவ?" மீட்டிங்கில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் கடற்கரையில் நடும் பெரிய குடை ஒன்றை நீயே வாங்கிக்கொண்டு போனாய். அப்ரூவல் இல்லாத பொருள் என்று அதைப் பிடுங்கி ஓரத்தில் போட்டார்கள். அன்று நீ போட்ட சத்தத்தில் கிரேன் ஓட்டுபவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வருடம் உன் விசாவைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டால் பட்ஜெட் என்றார்கள். விசா போனதும் இன்சூரன்ஸும் போனது. வயிற்றுவலிக்கு எடுக்கச் சொன்ன ஸ்கேனை, "ஊருல போய்ப் பாத்துக்கிடுதேன்" என்று தள்ளினாய். ஊரில் தம்பி கல்யாணம் முடியட்டும் என்று மறுபடியும் தள்ளினாய். பிறகு பார்க்க நீயே மிச்சமில்லை. ஊரான் வெயிலுக்கு அத்தனை சத்தம் போட்டவள் உன் உடம்புக்காக ஒரு வார்த்தை சத்தம் போட்டாயா? உன்மேலும் எனக்குக் கோபம்தான், தெரிந்துகொள்.

இப்போது கதைக்கு வருகிறேன். பூங்காவில் கல் சுடுகிறது, பிள்ளைகள் கால் பொரிகிறது என்று தாய்மார்கள் புகார் சொன்னார்கள். நியாயமான புகார், நான் மறுக்கவில்லை. சுற்றிலும் மரம் வைக்கலாம், ஓரங்களில் மட்டும் நிழல் தரலாம் என்று வரைந்து காட்டினேன். அதே மேனேஜர்தான். "மரம் எப்ப வளர்றது? முழுசா மூடிடு" என்றார்.

"சார், நிழல் விழாத சூரியக் கடிகாரம் எதுக்கு?"

"போட்டோ எடுக்கத்தான். கல்லுக்கு நடுவுல எல்.இ.டி. விட்டுரு, அதுவே மணி காட்டிடும்ல?"

சிரித்து ஊரைக் கூட்டிய அதே வாய். அன்று உன்னிடம் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. ராஜினாமா எழுதிவிடலாம் என்று அறைக்கு வந்து உட்கார்ந்தேன். நான் போனால் அடுத்த மேசைப் பையன் வரைவான், கடிகாரம் எப்படியும் மூடப்படும். அப்போதுதான் நீ என்னைத் திட்டுவது நினைவு வந்தது. "கோவப்பட்டா உருப்படியாக் கோவப்படுட்டி. சும்மா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு என்னத்துக்கு ஆவப்போவுது?"

வரைந்தேன். முதல் தாளில் ஆட்களுக்கான தற்காலிக ஷேடு, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர். அதைக் கட்டி நிறுத்தாமல் அடுத்த வேலை எதையும் தொடங்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டேன். மேனேஜர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஷேடு போடறதுக்கு ஒரு ஷேடா? என்ன, கிண்டலா?"

"ஆமா சார், ஷேடுக்கு ஷேடுதான். இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

ஆபீசே எழுந்து பார்க்கும்படி கத்தினேன். வேலை முடிக்க வேண்டிய தேதி அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

வேலை தொடங்கிய காலை நான் சைட்டுக்குப் போனேன். ஆட்கள் அந்தச் சிறு ஷேடைச் சுற்றி வெயிலிலேயே நின்றார்கள். ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "மேடம், இது யாரு உக்கார்றதுக்கு?"

"உங்களுக்குத்தாண்ணே."

அவர் நம்பவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

உன் கடிகாரம் போய்விட்டது. மாதக் கற்களின்மேல் பிள்ளைகள் தாண்டிக் குதிக்கிறார்கள், எந்தக் கல் எந்த மாதம் என்று கேட்க ஆளில்லை. அந்தக் கோபத்தை நான் ஆறப்போடப் போவதில்லை. அடுத்த சைட் அஜ்மானில். அங்கேயும் என் முதல் தாளில் ஆட்களுக்கான நிழல்தான் இருக்கும். யாராவது சிரித்தால், சிரிக்கட்டும். சிரித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.