மேல் மூலை ஸ்க்ரூ இரண்டு

மாமு,

இன்று காலை எண்ணூரில் ஒரு பம்ப்பின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது கை தானாக நின்றுவிட்டது. போல்ட் இறுகும் கடைசிச் சுற்றில் கைக்கு ஒரு பிடி தெரியும். அது தெரிந்ததும் நீ மேலே உட்கார்ந்து தாளம் தட்டும் பெட்டி நினைவுக்கு வந்தது. சூப்பர்வைசர் பார்க்கிறாரே என்று மறுபடி முறுக்கினேன்.

அதைச் செய்யத் துறைமுகத்துப் பேக்கிங் மரத்தைக் காசிமேட்டில் உன் வீட்டு வாசலில் போட்டு அறுத்தோம். மற்ற பக்கமெல்லாம் அந்தப் பலகை. தட்டும் முன்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய பிளைவுட். பின்பக்க ஓட்டைக்கு உன் அம்மாவின் சொம்பைக் கவிழ்த்து வட்டம் போட்டாய். அதற்கு வாங்கிய திட்டு தனி. ஸ்க்ரூவெல்லாம் நான்தான் முறுக்கினேன். ஃபிட்டர் கை, சும்மா இருக்குமா? நீ வந்து மேல் மூலை இரண்டை மட்டும் தளர்த்தினாய்.

"லூசா கீது மாமு, ஆடும்" என்று சிரித்தேன்.

"ஆடட்டும். ஆடினாதான் அது பேசும். நீ கைய வெக்காத."

அதன்மேல் உட்கார்ந்து தட்டினாய். தெருவே திரும்பிப் பார்த்தது.

நீ காமாலையில் படுத்த மழைக்காலத்தில் பெட்டி என் வீட்டில் இருந்தது. ஈரத்தில் பிளைவுட் உப்பி, மூலையில் கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவதைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை. இதையாவது சரிசெய்வோம் என்று எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினேன், அந்த இரண்டையும் சேர்த்து. நீ சொன்னது மறந்தே போயிற்று.

உன்னை உன் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது உன் அம்மா கேட்டார்: "அவன் பொட்டிய அடி நைனா. ஒரு தபா கேட்டுக்கிறேன்."

என் வீட்டிலிருந்து தூக்கிவந்து அடித்தேன். கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

"இது அவன் பொட்டி இல்ல" என்றார்.

ஸ்க்ரூடிரைவர் வாங்கி அங்கேயே தளர்த்தினேன். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால். வரவில்லை. அதற்குள் உன்னைத் தூக்கிவிட்டார்கள். உனக்குத் தோள் கொடுக்கக்கூட நான் எழுந்து வரவில்லை மாமு.

ஞாயிறுதோறும் உன் வீட்டுக்குப் போகிறேன். அம்மா எதிரில் உட்காருவார். நான் திருகுவேன், தட்டுவேன். போன வாரம் அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"இதான் நைனா. இதான் அவன். போதும், நீ வூட்டுக்குப் போ."

அது நீ இல்லை. அவருக்கும் தெரியும். நான் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் சொன்னார். சரிம்மா என்று வந்துவிட்டேன்.

நாளை ஞாயிறு. ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. எத்தனை சுற்று தளர்த்தினாய்? பக்கத்தில்தான் நின்றேன். சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, பார்க்கவில்லை.