ஏழாம் மடைக் கணினியின் அரக்கு உடைந்தது குறித்து

மழை தன் மாதம் தவறாது பெய்க. மடைகள் ஏழும் முறை தவறாது திறக்க. கரைகள் உறுதியாய் நிற்க, கதிர்கள் சாயாது முற்றுக.

வெள்ளத்தைக் கரைக்குள் நிறுத்தியவர் என்று குடிகள் போற்றும் ஏழ்மடை நாட்டு மன்னர் சேந்தன் வளவனார் செங்கோல் நடத்தும் பதினோராம் ஆண்டு, தை மாதம் மூன்றாம் நாள், தலைநகராகிய நெடுங்கலூரிலிருந்து, அவர்தம் திருவாய்மொழியை ஓலையில் ஏற்றும் கடமை பூண்ட கருவித்துறை அமைச்சன் நன்னாகன் எழுதுவது.

வெண்குன்றூர் அரசப் பட்டறையின் தலைவரும், இந்நாட்டின் முதல் கணினியைத் தம் கையால் இயங்க வைத்தவரும், மன்னர் அவையில் பொற்சுத்தியல் பெற்றவரும், இளமை முதல் எமக்கு நண்பருமாகிய பெருங்கொல்லர் எழினியார் காண்க. தங்கள் ஊரின் உலைகள் அணையாதிருக்க. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்க. இங்கு மன்னரும் அரசியாரும் நலம். யாமும் நலம், அதிலும் இன்று வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நலம்.

ஏழாம் மடையின் காவற்பெண் ஒச்சம்மை மீது தாங்கள் தொடுத்த முத்திரைக் குற்றம் எம் அவையில் விசாரிக்கப்பட்டு முடிந்தது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டால் தாங்கள் மேற்கொண்டு வாசிக்க மாட்டீர்கள் என்பதை நாற்பது ஆண்டுப் பழக்கத்தால் அறிவோம். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகின்றோம், பொறுமையுடன் கேட்டருள்க.

மடைதோறும் ஊர்தோறும் ஒரு மேசைக் கணினி இருக்க வேண்டும் என்று மன்னர் விரும்பியதும், எளியோர் கைக்கு எட்டும் விலையில் அதைச் செய்து தருவதாகத் தாங்கள் ஏற்றுக்கொண்டதும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது தாங்கள் எமக்கு எழுதிய ஓலை இன்னும் எம் பேழையில் இருக்கின்றது. மலிவுக் கணினி வாங்குவோர் அதன் உள்ளே பார்க்கப் போவதில்லை என்றும், ஆதலால் நினைவகத்தை அடித்தட்டோடு பற்றவைத்துவிட்டு மூடியை அரசமுத்திரையிட்ட அரக்கால் அடைத்துவிடலாம் என்றும் அதில் வரைந்திருந்தீர்கள். குறுந்தூரில் ஒருவர் நினைவகத் தகட்டைத் தலைகீழாகச் செருகி, அது போகவில்லை என்று உலக்கைப் பூணால் தட்டி இறக்கிய கதையையும் சான்றாகச் சேர்த்திருந்தீர்கள். யாம் அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்த வாயோடு ஒப்பமும் இட்டோம். அந்த ஒப்பம் எம்முடையது என்பதை இவ்வோலை முடியும் வரை தாங்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம்.

ஒச்சம்மையின் மடைக்குக் கணினி சென்றபோது அம்மடையின் கீழ் பன்னிரண்டு ஊர்கள் பாசனம் பெற்றன. எந்த ஊருக்கு எந்த நாழிகையில் எவ்வளவு நீர் என்பதை அந்தக் கணினியே முறைப்படுத்தியது. அவர் அதைப் பார்த்து மடைப்பலகையைத் தூக்கினார். பின்பு மன்னர் புதுக்கால்வாய் வெட்டினார், ஊர்கள் பத்தொன்பதாயின. நீர்முறை நிரலையும் தங்கள் பட்டறையே ஆண்டுதோறும் பெரிதாக்கி அனுப்பியது. கணினியின் நினைவகம் மட்டும் வந்த நாளில் இருந்த அளவிலேயே இருந்தது. ஒச்சம்மை கணினியிடம் முறையைக் கேட்டுவிட்டு அடுப்பில் உலை வைத்தால், சோறு வடித்த பின்பே விடை வருமாம். புரட்டாசியில் ஒரு நாள் விடை வரவேயில்லை. திரை உறைந்து நின்ற நேரத்தில் கடைசி ஊராகிய தாழைப்பட்டியின் முறை கடந்துவிட்டது. அவ்வூரார் நாற்று விட்டுவிட்டுக் காய்ந்த வாய்க்காலில் நின்றிருக்கின்றனர்.

அவர் தங்கள் பட்டறைக்கு ஓலை விடுத்தார். அதற்கு நினைவகத்தைக் கூட்ட இயலாது, பெரிய கணினி வாங்கிக்கொள்க என்று விடை போயிருக்கின்றது. அடுத்த முறைநீருக்கு ஒன்பது நாள் இருந்தது. தாழைப்பட்டி நாற்றுக்கு அதற்கு மேல் பொறுக்க வலுவில்லை. அவர் சுங்கச்சாவடியில் கூரை ஒழுகிப் பாழாய்க் கிடந்த பழைய கணினியின் நினைவகத் தகட்டை ஒரு மரக்கால் உளுந்து கொடுத்து வாங்கினார். மின்னிணைப்பைப் பிடுங்கி வைத்தார். அரக்கை உடைத்து மூடியைத் திறந்தார்.

எழினியாரே, உள்ளே காடி இருந்தது. பற்றவைத்த நினைவகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தகடு செருகுவதற்கான காடி, வெட்டும் மேடும் பிசகாமல், பெருவணிகர் வாங்கும் கணினியில் இருப்பது போலவே இருந்தது. இரண்டுக்கும் ஒரே அச்சில் அடித்தட்டு வார்ப்பதால் அப்படி என்று தங்கள் மேற்பார்வையரே அவையில் ஒப்புக்கொண்டார். இருந்த காடியில்தான் அரக்கை உருக்கி ஊற்றியிருக்கின்றோம். ஒச்சம்மை இலை தைக்கும் ஊசியால் இரண்டு நாள் அதைச் சுரண்டியெடுத்தார், தகட்டைச் செருகினார், உலக்கை தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் தாழைப்பட்டியில் நீர் பாய்ந்தது.

பதினைந்தாம் நாள் ஆண்டுச் சுற்றுக்கு வந்த மேற்பார்வையர் உடைந்த முத்திரையைக் கண்டார். அரசமுத்திரையைச் சிதைத்தோர் தம் பணியுரிமை இழப்பர் என்ற சட்டத்தைக் காட்டினார். தாய்வழியே வந்த மடைக்காவலும், மடையோரத்து வீடும், அவர் பேரும் அந்த ஒரு வரியில் நின்றன. தாங்களும் அதையே வற்புறுத்தி எமக்கு மூன்று ஓலைகள் விடுத்தீர்கள். மூன்றாவதில் எழுத்தாணி ஓலையைத் துளைத்திருந்தது.

அவைக்கு வந்த ஒச்சம்மை ஒரு மூங்கிற்சிமிழோடு வந்தார். மடைக்காவலருக்கு ஒரு வழக்கம் உண்டென்பதைத் தாங்கள் அறிவீர்கள். அரண்மனை ஓலை வந்தால் உடைத்த அரக்கை எறியாமல் சேர்த்து வைப்பர்; உரியவர் கைக்கு உரியபடி வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. அவர் சிமிழைக் கவிழ்த்தார். பதினாறு ஆண்டுத் துண்டுகள் அவைத்தளத்தில் உருண்டன. அவற்றினிடையே கணினியின் அரக்கும் கிடந்தது. எது ஓலையினுடையது, எது கணினியினுடையது என்று எமக்கும் தெரியவில்லை, மேற்பார்வையருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றிலும் அதே மடைப்பலகை முத்திரைதான்.

அரசமுத்திரை என்று அறிந்தே உடைத்தாயா என்று வினவினோம். அவர் சொன்னதைச் செப்பனிட்டு எழுத மனம் வரவில்லை. அவர் வாயில் வந்தபடியே தருகின்றோம்.

"தெரியாம என்னங்கய்யா, வருசத்துக்கு ஏழெட்டு ஓலை வருது. எம் பேருக்கு வந்தத நான் உடைக்காம வேற யாரு உடைக்கிறது? உடைக்காம வச்சிருந்தா, அரமனை ஓலைய மதிக்கலன்னு அதுக்குல்ல என்னையப் புடிச்சிருப்பீங்க. இந்தப் பொட்டியிலயும் எம் பேருதான் வெட்டியிருக்கு, பாருங்க."

கணினியைத் திருப்பிப் பார்த்தோம். முத்திரை இருந்த இடத்துக்குக் கீழே, ஏழாம் மடை ஒச்சம்மைக்கு என்று தங்கள் பட்டறை உளியே வெட்டியிருந்தது.

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"வாய்க்கால்ல யாராச்சும் மண்ணக் கொட்டி அடைச்சா அதுக்குத் தண்டன உண்டுல்ல? இங்க எடத்தயும் வச்சு, அதுலயே அரக்க ஊத்தி அடைச்சிருக்காக. இதுக்கு யாருக்குங்கய்யா தண்டன?"

அவை சிரித்தது. யாம் சிரிக்கவில்லை, ஒப்பம் இட்டவன் சிரிக்க முடியாது. உடனே சட்டச் சுவடியை எடுத்து முழுதும் வாசிக்கச் சொன்னோம். பிறர் பெயருக்கு இட்ட அரசமுத்திரையைச் சிதைத்தோர் என்று சுவடியில் இருக்கின்றது. முதல் மூன்று சொற்கள் முந்தைய ஏட்டின் கடைசியில் நிற்கின்றன. தங்கள் மேற்பார்வையர் கையில் இருந்த படியில் அந்த ஏடு விழுந்துபோயிருக்கின்றது. வெட்கமாக இருந்தது எழினியாரே. ஆயினும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போலவும் இருந்தது. அந்தப் பெண்ணை மடையைவிட்டு அனுப்ப நேருமோ என்று யாம் நான்கு நாள் சரியாக உண்ணவில்லை.

அன்று மாலை மன்னரிடம் எல்லாவற்றையும் உரைத்தோம். தங்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்கவில்லை. பற்றவைத்தால் இணைப்பு தளராது, பொருந்தாத தகட்டைச் செருகிக் கெடுப்போர் உண்டு, கெட்டது பட்டறை வாசலுக்கே வந்து சேரும் என்பதெல்லாம் உண்மையே என்றோம். மன்னர் கேட்டுக்கொண்டிருந்தார். அருகிலிருந்த அரசியார், வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது உள்மடிப்பு விட்டுத் தைப்பது யார் வீட்டில் என்று வினவினார். ஆண்டுக்கொன்று புதிதாய்த் தைக்க முடிந்தவர் வீட்டில் அல்லவே என்று அவரே விடையும் சொன்னார். செல்வர் முதல் நாளிலேயே பெரிய நினைவகத்தோடு வாங்கிவிடுகின்றார். இன்று சிறிதாக வாங்கி நாளை கூட்டிக்கொள்ள வேண்டியவர் எளியவர்தாம். காடி வேண்டியவருக்கே அதை அடைத்து, வேண்டாதவருக்குத் திறந்து வைத்திருக்கின்றோம் என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது.

ஆகவே மன்னர் ஆணை இது. ஒச்சம்மை குற்றமற்றவர், ஏழாம் மடை அவருடையது. இனி எளியோர்க்கென வார்க்கும் மேசைக் கணினி எதிலும் காடி திறந்தே இருக்க வேண்டும். மூடியை இரு திருகாணிகளால் பூட்டுக, அரக்கு வேண்டா. தகட்டை எப்பக்கம் செருகுவது என்று காடியின் ஓரத்தில் ஒரு மீன் தலையைக் கீறிவிட்டால், குறுந்தூராரும் உலக்கையைத் தேடமாட்டார். முன்பே ஊர்களில் இருக்கும் கணினிகளின் அரக்கைத் தங்கள் மேற்பார்வையர்களே அடுத்த சுற்றில் சுரண்டித் தரக்கடவர். இலை தைக்கும் ஊசிகளை எம் பொறுப்பில் அனுப்புகின்றோம். தகட்டைத் தவறாகச் செருகி ஒருவர் தம் கணினியைக் கெடுத்துக்கொண்டால் அதற்குப் பட்டறை பொறுப்பன்று. இந்த வரியைத் தங்களுக்காக மன்னரிடம் யாமே கேட்டுச் சேர்த்தோம்.

இன்னொன்று ஆணையன்று, எம் விருப்பம். திறந்த காடியோடு வார்க்கும் முதற்கணினியைத் தாங்களே தாழைப்பட்டிக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே இப்போது கதிர் பால் பிடித்து நிற்கின்றதாம். பெரிய பட்டறையில் அமர்ந்து எத்தனையோ கருவிகள் செய்து அனுப்பிவிட்டோம். அவை போய்ச் சேர்ந்த இடத்தை நாம் இருவரும் பார்த்ததில்லை. தங்கள் முழங்கால் இடம் கொடுத்தால் யாமும் உடன் வருவோம்.

வாசித்த ஓலை பட்டறைப் பேழையில் காக்கப்படுக. சொன்ன ஆணை சொன்னபடியே நிறைவேறுக. ஏழ்மடை நாட்டு மன்னரின் மடைப்பலகை முத்திரை இதன் நுனியில் இடப்பட்டது.

அம்முத்திரையை உடைத்தே தாங்கள் இதுவரை வாசித்திருக்கின்றீர்கள். தங்கள் பெயருக்கு வந்தது, ஆதலால் குற்றமில்லை. காலடியில் விழுந்த அரக்கைப் பெருக்கித் தள்ளிவிடாமல் எடுத்து வைத்திருந்து, ஏழாம் மடைக்குப் போகும்போது ஒச்சம்மையின் சிமிழில் தங்கள் கையாலேயே இடுக.