டேப்பின் மறுமுனை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் நலம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நம்புகிறேன். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் இந்த வரியை முதலில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருமல் நின்றதா, நேரத்துக்குத் தூங்குகிறாயா என்ற கவலை குறுக்கே வந்து நின்றுகொண்டு என்னைத் திட்டவிடாது. ஃபோனில் பேசினால் பாதியில் ‘அப்புறம் கூப்பிடறேம்மா’ என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் செய்தி இரண்டு. குளியலறைக் கதவு அடியில் உளுத்துப்போய்விட்டது என்று அப்பா தானே அளவெடுத்துப் புதுக் கதவு செய்யச் சொன்னார். வந்த கதவு மூடவில்லை. ‘என் அளவு சரிதான், சுவர்தான் வளைஞ்சிருக்கு’ என்கிறார். கதவு சரியாகும்வரை உள்ளே போகிறவர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று உன் தங்கை சட்டம் போட்டிருக்கிறாள். அப்பா பாடுவதைக் கேட்டபிறகு கதவே தேவலை என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். இரண்டாவது, உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, உனக்கு அவள் இன்னும் சொல்லியிருக்க மாட்டாள். ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். நீ தலைவர் தலைவர் என்று உருகுகிறாயே, அவர்மேல் போட்டிருக்கும் மோசடி வழக்கில். ‘போகாதீங்கம்மா, இது பழிவாங்கல், அவரை ஜெயில்ல தள்ளப் பாக்கறாங்க’ என்றாய். இதில் ஜெயிலே கிடையாது. இது சிவில் வழக்கு. தன் கட்டடத்தின் அளவைக் கூட்டிக் காட்டி வங்கியில் சலுகை வட்டிக்குக் கடன் வாங்கினார், அதில் வந்த லாபத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்பதுதான் கேட்பது. கட்சிக்காக இவ்வளவு சண்டை போடுகிறவன் வழக்கு என்னவென்றாவது ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம்.

நான் ஓய்வு பெறும்வரை கட்டடங்களை அளந்து மதிப்புப் போட்டவள் என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்தச் சம்பளத்தில்தான் நீ விமானம் ஏறினாய். என் பழக்கமும் உனக்குத் தெரியும். டேப்பின் ஒரு முனையைக் கட்டடச் சொந்தக்காரர் கையில்தான் கொடுப்பேன், உதவியாளிடம் கொடுக்க மாட்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஆள் ‘பொம்பள இழுத்தா டேப்பு தொய்யும், அளவு தப்பா வரும்’ என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னான். அன்றிலிருந்து மறுமுனை சொந்தக்காரர் கையில். அளந்து முடித்ததும் எண்ணை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். பின்னால் யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உன் தலைவரின் வணிக வளாகத்தை வரி போடுவதற்காக அளக்கப் போனபோதும் அப்படித்தான். கூட வந்தவர்கள் பதறினார்கள், அவரே கைகாட்டி நிறுத்திவிட்டு மேல்மாடி மூலையில் குனிந்து டேப்பைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே ‘ஓட்டு கேக்கக்கூட நான் இவ்வளவு குனிஞ்சதில்லம்மா, நீங்க குனிய வெச்சிட்டீங்க’ என்றார். நான் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அடுத்த தேர்தலில் அவருக்குத்தான் போட்டேன், இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த மேல்மாடியில் பாதிக்கு மேல் வெறும் மொட்டைமாடி, துணி காயப்போடுகிற கம்பிகூட இருந்தது. வங்கிக்குக் கொடுத்த பத்திரத்தில் அந்த மொட்டைமாடி முழுக்கச் சுவரெழும்பிக் கண்ணாடி போட்டுக் குளிர்சாதனம் வைத்த அறைகளாகிவிட்டது. ஒரே மாடி, வரி கட்டும்போது ஒடுங்குகிறது, கடன் வாங்கும்போது உப்புகிறது. கேட்டால் ‘மேல்மாடி எவ்வளவுன்னு எனக்கு என்ன தெரியும், எல்லாம் மேனேஜர் பாத்துக்கிட்டார்’ என்று கூசாமல் சொல்கிறார். அந்த மேனேஜர் நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும், ஆனால் அந்தத் தலைப்பாகையும் ஒரு மனுஷன், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

இதெல்லாம் எனக்குப் பழகிய கோபம். பழகாத கோபத்துக்கு வருகிறேன். தலைவரின் வக்கீல் எழுந்து ஒரு காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். ‘என் அம்மா ரொம்ப நல்லவங்க. ஆனா இப்பல்லாம் அவங்களுக்கு ஞாபகம் தடுமாறுது. கேட்டதையே திரும்பக் கேக்கறாங்க. அவங்க வாயில வார்த்தையப் போட்டுச் சிலர் பயன்படுத்திக்கறாங்க.’ படித்துவிட்டு, இது உங்கள் மகன் இணையத்தில் ஊரறியப் போட்ட பதிவுதானே என்று கேட்டார். எத்தனையோ பேர் என் அளவைத் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள், திரும்பப் போய் அளந்து காட்டியிருக்கிறேன். நான் பெற்றவன் என் மூளையையே அளந்து குறைத்து எழுதிவிட்டான், இதற்கு எந்த டேப்பை எடுப்பது? அப்பா பார்வையாளர் வரிசையில் இருந்து எழுந்து வெளியே போய்விட்டார். உன் தங்கை மட்டும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதியும் ஒரு அம்மாதான், என் வயதுதான் இருக்கும். ‘உங்க பையன் ஏன் அப்படி எழுதினார்னு சொல்ல முடியுமாம்மா’ என்று கேட்டார். நான் சொன்னேன், அவன் தூரத்தில் இருக்கிறான், ஃபோன் பண்ணும்போது சாப்பிட்டியா என்று கேட்பேன், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சாப்பிட்டியா என்று கேட்பேன், அது மறதி இல்லை, முதல் தடவை அவன் பதில் சொல்லவில்லை. கூடம் முழுக்கச் சிரித்தது. உன் தலைவரும் சிரித்தார். அன்று மூலையில் குனிந்து சிரித்த அதே சிரிப்பு. வக்கீல் விடவில்லை, எத்தனையோ கட்டடம் அளந்திருப்பீர்கள், டேப்பைப் பிடித்தது இவர்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்றார். அப்போதுதான் ஓட்டு கேட்கக்கூட இவ்வளவு குனிந்ததில்லை என்று அவர் சொன்ன பேச்சைச் சொன்னேன், எண்ணை அவரே உரக்கப் படித்ததையும் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார். அதற்கப்புறம் கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை.

இனி உன் வாதத்துக்கு வருகிறேன். பழிவாங்கல் என்கிறாய். ஆமாம், பழிவாங்கல்தான். அவர் ஆளுங்கட்சியோடு இருந்த கூட்டணியை உடைத்துக்கொண்டு போன பிறகுதான் இந்த மொட்டைமாடி அவர்கள் கண்ணில் பட்டது, அதுவரை மேகம் மறைத்திருந்ததுபோல. நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவள் இல்லை. வழக்குப் போட்ட அரசுத் தரப்பு வக்கீல் நம் வீட்டுக்கு வந்து என்னை வீரப்பெண் என்றெல்லாம் புகழ்ந்தார். நான் அவரிடம், இப்போது மந்திரியாக இருக்கும் உங்கள் ஆளுடைய கிடங்கையும் அளந்திருக்கிறேன், அதுவும் இதே மாதிரி கடனுக்கு உப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதைப் பற்றி எப்போது கேட்பீர்கள் என்றேன். ‘அது இந்தக் கேஸ்ல வராதும்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, அதுக்கெல்லாம் நேரம் வரும்’ என்றார். நேரம் வருவதற்கு அது என்ன ரயிலா. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர் குடித்த காபி டம்ளரைக்கூட நான் எடுக்கவில்லை, அப்பாதான் எடுத்தார். மறுநாளே அவர் அலுவலகத்துக்குப் போய் அந்தக் கிடங்கைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கும் கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டால் போய்க் கேட்பேன். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போட்டார்கள் என்பதால் மொட்டைமாடிக்குச் சுவர் முளைத்துவிடாது. எல்லோரும் செய்கிறார்கள், இவரை மட்டும் ஏன் என்கிறாய். எல்லோரையும் பிடி என்று கேள், நானும் உன்கூட வந்து நிற்கிறேன். இவரையும் விடு என்று கேட்காதே.

யாருக்கு நஷ்டம், வங்கியே புகார் சொல்லவில்லையே என்றும் கேட்டாய். நம் தெருமுனைத் தையல்கார அக்காவைக் கேள். உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைத்தவள். கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டபோது வாசல்படியையும் சேர்த்து அளவு எழுதிவிட்டாள், படியும் கடைதானே என்று நினைத்தாள். அதைச் சரிபார்க்க நான்தான் போய் அளந்தேன், அவளே மறுமுனையைப் பிடித்தாள், எண்ணைப் படிக்கும்போது அவள் குரல் இறங்கியது. படியை நீக்கித்தான் எழுதினேன். பொய்த் தகவல் கொடுத்தவர் என்று சொல்லி அதே வங்கி அவளைத் திருப்பி அனுப்பியது. ஒரு வாசல்படிக்கு. அவள் என்மேல் கோபப்படவில்லை, ‘உள்ளதத்தான எழுதினீங்க’ என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் நான் கூண்டேறினேன், உன் தலைவர்மேல் பகையால் இல்லை. அவளுக்குப் படி கணக்கில் வராதென்றால் அவருக்கு ஆகாயமும் கணக்கில் வரக் கூடாது.

தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரட்டும், மேல்முறையீடு என்று இழுக்கத்தான் போகிறார்கள். எனக்கு வர வேண்டிய தீர்ப்பு உன்னிடமிருந்து. அம்மாவைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று தங்கையிடம் சொன்னாயாம். என்னைக் காப்பாற்ற என் புத்தியை விற்க வேண்டியதில்லை. அந்தப் பதிவை அழிக்காதே, அழித்தால் சொன்னதே இல்லை என்றாகிவிடும், அந்த வித்தையை உன் தலைவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுது, முதல் தடவை நான் பதில் சொல்லவில்லை என்று. அவ்வளவு போதும். கட்சியை விடு என்று நான் கேட்கவில்லை, அது உன் இஷ்டம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும், உன்னை யாரும் ஏமாற்றாமலும் நீ யாருக்காகவும் ஏமாறாமலும் இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டுக் கதவைச் சீவப் போய்விட்டார். இருமலுக்கு வெந்நீர் குடி. விடுமுறை கிடைத்ததும் வா, அந்தக் குளியலறைக்குச் சரியாக அளவெடுக்க வேண்டும், டேப்பின் மறுமுனையை நீ பிடிக்க வேண்டும், எண்ணையும் நீயே உரக்கப் படிக்க வேண்டும். சாப்பிட்டாயா?

இப்படிக்கு,
எல்லாம் ஞாபகமிருக்கும் உன் அம்மா

சாப்பிட்டாயா?