வுகாஷின் மறந்தவை, நான் மறக்காதவை

செப்டம்பர் 4
மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாற்பத்தாறு வயது வுகாஷினுக்கு. குடியை விட்டு முப்பத்தெட்டு நாள்.

டாக்டர் சிமோனிதா என்னைக் கேட்டார்: "சின்ன வயசுல எப்படி இருந்தாரு? ஞாபகம் இருக்காம்மா?"

என்னிடமா இந்தக் கேள்வி! ஏழு வயதில் ஆட்டைப் பாலத்தடியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தது. ஒன்பதில், என் அம்மாவின் உடல் வீட்டில் கிடக்க, மெழுகுவர்த்தி வாங்கப் போனவன் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே குளிர்காலத்தில் மூன்று தொப்பி தொலைத்தது. இத்தனை வருடம் கட்டிக்காத்த கோபத்தையெல்லாம் கொட்டினேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இது திமிர் இல்லம்மா. கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு, சின்னதுலேர்ந்தே இருக்கு. அதோட மனசு ஏறி எறங்குற நோயும். ரெண்டையும் தாங்க முடியாமத்தான் குடி. மூணையும் சேத்துத்தான் பாக்கணும். மொதல்ல மனசு நெலைக்கு வரட்டும், அப்புறம் கவனத்துக்கு மாத்திரை."

என் கோபமெல்லாம் அவர் காகிதத்தில் நோயாகக் கிடந்தது.

செப்டம்பர் 5
அந்த ஆட்டுக்காக அவனை அடித்தேனே. பெல்ட்டால்.

அக்டோபர் 17
அவனுக்குக் காய்ச்சல். வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் ராக்கியாவை மார்பில் தேய்த்து, அதில் நனைத்த காலுறையை மாட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு வேறென்ன செய்வார்கள்? கொஞ்ச நேரத்தில் முகம் ரத்தமாய்ச் சிவந்து மூச்சு வாங்கியது.

"குடிச்சியாடா?"

"இல்லம்மா... சத்தியமா."

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா!"

பேத்தி தியானாதான் டாக்டருக்குப் போன் போட்டாள். போனிலிருந்து சத்தம்: "குடி நிறுத்துற மாத்திரை சாப்பிடுறவருக்கு ராக்கியா தேச்சீங்களா? அதோட சாராயம் சேந்தா விஷம், தோல் வழியாவும் போகும்! உடனே கழுவுங்க, வண்டி அனுப்புறேன்."

பிழைத்தான். அவன் சொன்னது உண்மை. நான்தான் — என் கையால் —

அக்டோபர் 19
வீட்டில் இருந்த ராக்கியா பதினான்கு பாட்டில். எல்லாவற்றையும் பிளம் மரத்தடியில் கொட்டினேன். அந்தப் பழத்திலிருந்து வந்ததுதானே.

நவம்பர் 20
கவனத்துக்கான மாத்திரை இன்று தொடக்கம்.

டிசம்பர் 19
எங்கள் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் நாள். வீடு நிறைய விருந்தாளிகள். பாட்டிலோடு வந்த மைத்துனர் மகன் மிலோயே விடவில்லை: "புனிதருக்காக ஒரே ஒரு மொடக்குடா! பொட்டச்சி மாதிரி ஒக்காந்திருக்க?"

வுகாஷின் கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். "புனிதர் கோவிச்சுக்க மாட்டாரு. நீ குடி."

ஆட்டுக் கதையை ஆரம்பித்தேன். பாதியில் சூப் பொங்க, அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் எல்லோரும் வேறு பேச்சில். வழக்கம்தான்.

"அம்மா," என்றான் வுகாஷின். "ஆடு பாலத்துக்கிட்ட நிக்குது. அப்புறம்?"

இதுவரை என் ஒரு கதையைக்கூட அவன் முடியும்வரை கேட்டதில்லை. நான் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

எனக்குத்தான் அப்புறம் என்ன என்று நினைவுக்கு வரவில்லை.