இடப்பக்கக் கதவில் ஒரு கீறல்

14 அக்டோபர் 1986, செவ்வாய்

காரின் இடப்பக்கப் பின்கதவில் கீறல். அடிக்கோலை வைத்து அளந்தேன். நீளம் பதினான்கு அங்குலம். தரையிலிருந்து உயரம் இருபத்தாறரை. நகத்தை ஓட்டினால் சிக்குகிறது. மேலோட்டமான கோடாக இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூசைக்குக் குருக்கள் நான்கு கதவிலும் சந்தனத்தை அப்பிவைத்தார். முன்பக்கம் மட்டும் போதும் என்றேன், கேட்கவில்லை. நேற்று நாகமணி வண்டியைக் கழுவினாள். காய்ந்த சந்தனம் லேசில் போகாது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். வேறென்ன?

கேட்டேன். “ஈரத்துணிதாம்மா. நார தொடவே இல்ல” என்றாள். பிறகு கீறலைப் பார்த்தாள், வாசல் கேட்டைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். குற்றம் செய்தவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பதினோரு வருடமாக வந்தவள். இருக்கட்டும்.

15 அக்டோபர்

தேவதாஸ் போன் செய்தான். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருகிறானாம். குரலில் சந்தோஷம் காட்டினேன்.

போன மாதம் இதே கூடத்தில் நின்றுகொண்டு அவன் சொன்னது மறக்கவில்லை. “அம்மா, வயசு அறுபத்தேழு. வண்டியில ஒரு கீறல் பாத்தேன்னா வித்துருவேன். அப்புறம் இந்த வீட்டையும் பூட்டிட்டு எங்ககூட பெட்டாலிங் ஜெயா வந்துருங்க.” அங்கே எனக்கு ஒதுக்கியிருக்கும் அறைக்குச் சன்னல் கூட இல்லை.

இந்த வண்டி என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வாங்கியது. வெளிர் நீலம், சாயத்துக்குள் மினுமினுப்பு. எஸ்டேட் ஆபீசில் முப்பது வருடம் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்துவிட்டு வாங்கிய முதல் புது வண்டி. ஒன்பது மாதம் ஓட்டினார். அதற்குப் பிறகு நான்தான். கோயில், மார்க்கெட், நூலகம், மாதம் ஒருமுறை கிள்ளான் பட்டணம். யாரிடமும் ‘கொஞ்சம் கொண்டுபோய் விடுகிறாயா’ என்று நான் கேட்டதில்லை.

நாகமணி செய்த வேலைக்கு நான் வண்டியையும் வீட்டையும் விட வேண்டுமா?

மாலையில் விளக்கு துலக்கும் மெருகுப் பசையைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கீறல் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் மங்கிப்போனதுதான் மிச்சம். முட்டாள்தனம்.

16 அக்டோபர்

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சன்னாசியின் பட்டறை. முன்பு எங்கள் எஸ்டேட் லோரிகளுக்குச் சாயம் அடித்தவன். கதவைப் பார்த்ததும் முதல் கேள்வி: “யாரும்மா இதுல விளக்கு பாலிஷ போட்டது?”

கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

“கலருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு கிராணியம்மா. கிளியர்னு சொல்வாங்க. அது கிழிஞ்சிருச்சு. கொஞ்சம் கலரயும் தொட்டிருக்கு. நாருக்கெல்லாம் இவ்ளோ ஆழம் வராது லா. இரும்பு.”

நான் கேட்டது சிகிச்சை, துப்பறிதல் இல்லை என்றேன். சிரித்தான்.

மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் நீலத்தைத் தொட்டு வைத்தான். அது காய்ந்ததும் கிளியரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பினான். ஒரு வாரம் இறுகவேண்டுமாம். அவசரப்பட்டுத் தேய்த்தால் நிரப்பியது உள்வாங்கிவிடுமாம். இப்போது கதவில் ஒரு தழும்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. முன்னைவிட அசிங்கம்.

19 அக்டோபர்

மழை. வண்டி கொட்டகையில். தரையை நானே கூட்டினேன். இடுப்பு வலி.

22 அக்டோபர்

பத்திரிகைக்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. எழுத்தெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும்.

24 அக்டோபர், வெள்ளி

சன்னாசி சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தழும்பைத் தேய்த்துச் சமமாக்கினான். பிறகு பாலிஷ். “நகத்த ஓட்டிப் பாருங்க” என்றான். ஓட்டினேன். சிக்கவில்லை. விரல் சொல்வது சரிதான்.

ஆனால் கதவு முழுவதும் ஒரு மங்கல். பால் கலந்த தண்ணீர் தெளித்ததுபோல. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. மறுபடி போடு என்றேன். போட்டான்.

27 அக்டோபர்

வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். மங்கல் போகவில்லை. மறுபடி பட்டறை. “பளபளன்னு இருக்கும்மா” என்றான். பொய்! கான்வென்டில் சிஸ்டர் அகதா எங்கள் நகத்தையும் தையலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அவரிடம் படித்தவளிடமா அரைகுறை வேலை? சொல்லியே விட்டேன். மூன்றாவது தடவையும் தேய்த்துக் கொடுத்தான்.

29 அக்டோபர், புதன்

இன்னும் மூன்றே நாள். மங்கல் அப்படியே.

சன்னாசிக்கும் பொறுமை போய்விட்டது. “இன்னும் தேச்சா கிளியரே இல்லாம போயிரும் கிராணியம்மா. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. வேணும்னா யாரயாவது கூப்பிட்டுக் கேளுங்க லா.” பக்கத்துக் கடைச் சீனத்தியைக் கூப்பிட்டான். அவள் எட்டிப் பார்த்து, “சந்தேக் லா, ஆன்ட்டி” என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். அழகாம்! எல்லாரும் கூட்டு.

கோபமாக வீட்டுக்கு வந்தேன். அவர் படத்துக்கு விளக்கேற்றினேன். படத்தின் கண்ணாடியிலும் மங்கல். நாகமணி வராததால் தூசி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன்.

இடது கண்ணில் ஏதோ உறுத்த, அதைப் பொத்திக்கொண்டேன். படம் தெளிந்தது. சட்டைப் பையில் செருகிய பேனா வரை தெரிந்தது. கையை எடுத்தேன், மங்கல். பொத்தினேன், தெளிவு.

எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

பிறகு அடிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். உள்ளே வரும்போது இடப்பக்கக் கேட்டின் தாழ்ப்பாள் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தரையிலிருந்து இருபத்தாறரை அங்குலம். கம்பியின் நுனியில் வெளிர் நீலம், ஒரு நூல் அளவு.

ஐயோ, என்ன செஞ்சிட்டேன் நான். அவள வேலைய விட்டு நிறுத்தினேனே.

30 அக்டோபர்

வண்டியை எடுக்கவில்லை. குடையோடு எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு நடந்தே போனேன். முக்கால் மணி நேரம்.

நாகமணி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வழி முழுக்க வாக்கியம் அமைத்துக்கொண்டு போனவள், வாசலில் நின்று, “அது கேட் கம்பி” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்மா. திங்கக்கிழமை கழுவி முடிச்சதும் நீங்க மார்க்கெட்டுக்குப் போனீங்கல்ல? திரும்பி வந்தப்பதான் கிறீச்சுன்னு சத்தம். கொடியில துணி போட்டுக்கிட்டு நான் பாத்தேன்.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா தேவதாஸ் தம்பி காதுக்குப் போகும். வண்டிய வித்துருவாரு. அப்புறம் நீங்க அங்க போயி மருமககிட்ட ‘ஸ்பூன இப்படிப் புடி’ன்னு சொல்லிக்கிட்டு இருப்பீங்க. பாவம் அந்தப் பொண்ணு.” முறுக்கைத் திருப்பிப் போட்டாள். “நீங்க என்னைய திட்டறது என்ன புதுசா? பத்து நாள்ல கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்துட்டீங்க.”

தட்டில் இரண்டு முறுக்கு வைத்துக் கொடுத்தாள். ஒன்று கொஞ்சம் கருகியிருந்தது. சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பட்டறைக்கும் போனேன். “கதவு சுத்தமா இருக்கு, சன்னாசி” என்றேன். காதில் விழாதவன்போல, “இன்னொரு தடவ சொல்லுங்கம்மா” என்றான்.

1 நவம்பர், தீபாவளி

தேவதாஸ் வந்ததும் வண்டியைச் சுற்றி வந்தான். கதவுகளில் கையை ஓட்டினான். அந்த இடத்திலும் ஓட்டினான். நாகமணி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா சொல்லக் கூடாதும்மா. புதுசு மாதிரி வச்சிருக்கீங்க. நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன்.”

ஜெயித்துவிட்டேன். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

பிற்பகலில் கேட்டுக்கு வெளியே பேரப்பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள். சின்னவள் அந்த இடப்பக்கத் தூணில் சாய்ந்து நின்றாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண் வழியாகப் பார்த்தேன். சட்டையின் சிவப்பு தெரிந்தது. குழந்தை தெரியவில்லை.

2 நவம்பர்

காலைப் பசியாறும்போது சொல்லிவிட்டேன். கேட், கண், நாகமணி, எல்லாம். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தான். பிறகு, “டாக்டர்கிட்ட போனீங்களா?” என்று மட்டும் கேட்டான்.

சாவியை மேசையில் வைத்தேன். எடுத்து என் பக்கமே தள்ளினான். “ஆப்பரேஷன் ஆகட்டும். அப்புறம் பேசுவோம்.”

17 நவம்பர், திங்கள்

கண்புரைதான். நாளைக் காலை அறுவை. தேவதாஸ் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். வேலை நாள், வேண்டாம் என்றேன். நாகமணியும் நானும் கிள்ளானுக்குப் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் புறப்படும்போது வண்டிக்குப் போர்வை போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் கழுவ வேண்டும் என்று நாகமணியிடம் சொன்னேன்.

“நாரு போட்டுத்தானே?” என்றாள்.

பஸ்ஸில் சன்னலோரத்தில் என்னை உட்கார வைக்கவில்லை. “தள்ளுங்க கிராணியம்மா. அந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள்.